இருபத்தோராவது பெயர்

அத்தியாயம் 11

இரண்டு வருடம் வேலை தேடி அலைந்த ஷாஜினுக்கு ஷூ கம்பெனியிலிருந்து கடிதம் வந்ததையும், அவன் அம்மா லில்லி அதை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு எடுத்துப்போய்ப் பைபிளுக்குள் வைத்து ஜெபித்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் நான்கே நாள் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? அவன் அக்கா எப்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை, ஷாஜின் வேலையில் சேர வேண்டிய நாள். விடிவதற்குள் லில்லி குளித்துவிட்டு, மகன் தலையில் கை வைத்து ஒரு நீண்ட ஜெபம் செய்தாள். ஆஸ்பத்திரியில் இருபது வருடம் நின்றே வேலை பார்த்து முதுகெலும்பு தேய்ந்துபோனவள் அவள். புருஷன் ஐசக் போய் மூன்று வருடமாகிறது. ஜெபத்தில் அவரையும் இழுத்துவந்து, வேலூர் பக்கமிருக்கிற சொந்தக்காரர்களையெல்லாம் ஒரு சுற்று சுற்றி, கடைசியில்தான் ஆமென் சொன்னாள். அதற்குள் இட்லி ஆறிவிட்டது.

“பஸ்ல ஜன்னலோரமா உக்காராத, சட்டையில தூசி படும்,” என்றாள்.

“அம்மா, சீட்டு கெடச்சா போதும்மா,” என்றான் ஷாஜின்.

எப்சி சிரித்துக்கொண்டே அவன் காலரைச் சரிசெய்தாள். அவனைவிட ஆறு வயது மூத்தவள். இந்த வீடு இன்றைக்கு ஓடுவது அவளால்தான். தம்பிக்கு இருபத்துமூன்று. டிப்ளமா முடித்துவிட்டு பிரியாணிப் பார்சல்களை பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவன், கடை ஓய்ந்த நேரங்களில் தோஸ்த் ஒருவனுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஷூவுக்குப் பேட்டர்ன் போடத் தானாகவே கற்றுக்கொண்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பள்ளிகொண்டா தாண்டி ஹைவேயில் புதிதாக வந்திருக்கும் கம்பெனி அது. நாற்பது இடம், முந்நூறு பேர் பரீட்சை எழுதினார்கள், ஷாஜின் மூன்றாவதாக வந்தான். அந்த நாற்பது இடமும் அரசாங்கத் திட்டத்தில் வருபவை. வாழ்க்கையில் முதல் தடவையாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளை எடுத்து இரண்டு வருடம் வைத்துக்கொண்டால் கம்பெனிக்கு அரசாங்கம் உதவும், பிள்ளைகளுக்கும் வேலை நிலைக்கும். நல்ல திட்டம்தான். எப்சியே தெரிந்தவர்களிடமெல்லாம் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

சொல்லாமல் என்ன? அவளுடைய பிழைப்பே அந்த வகைதான். ஆம்பூர் பைபாஸ் பக்கத்திலிருக்கும் புதுவழி பயிற்சி மையத்தில் அவள் பிளேஸ்மென்ட் ஆபீசர். வேலையில்லாத பிள்ளைகளுக்கு அரசாங்கச் செலவில் மூன்று மாதம் ஷூ தைக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அவர்களைக் கம்பெனிகளில் சேர்த்துவிடுவதும், சேர்ந்தவர்கள் நிலைக்கிறார்களா என்று மாதாமாதம் போன் செய்து கேட்பதும் எப்சியின் பாடு. சேர்த்துவிடுவது சுலபம். நிலைக்க வைப்பதுதான் வேலை. ஒருத்திக்குக் கம்பெனி பஸ் தெருவுக்குள் வராது, ஒருத்திக்குச் சூப்பர்வைசர் முகம் பிடிக்காது, ஒருவனுக்கு மாமா பெங்களூரில் கடை வைத்திருப்பார். மேல்விஷாரத்தில் ஜஹீருன்னிசா என்ற ஒரு தாயின் எதிரில் நான்கு முறை போய் உட்கார்ந்து பேசி, அவர் மகளை வேலைக்குத் திரும்ப அனுப்ப வைத்தவள் எப்சி. அந்தப் பெண் இன்றைக்கு லைன் லீடர்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று லில்லி அடிக்கடி சொல்வாள். எப்சியும் அதை நம்பியிருந்தாள்.

பதினோரு மணி சுமாருக்கு அவள் மேஜையில் போன் அடித்தது. ஷாஜின்தான்.

“ஐடி கார்டு குடுத்துட்டாங்களாடா?” என்றாள் எடுத்ததும்.

“இல்லக்கா. இங்க இன்னாமோ பேஜாரா இருக்கு. என் ஆதார் நம்பர போட்டா, நான் ஏற்கெனவே ஒரு எடத்துல வேலை செஞ்சிருக்கேன்னு வருதாம். மூணு மாசம் பிஎஃப் வேற கட்டியிருக்குதாம். நீ கொஞ்சம் வர்றியா? இதெல்லாம் உனக்குத்தான் தெரியும்.”

பிஎஃப் என்ற வார்த்தையிலேயே எப்சிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வருகிறேன் என்று சொன்னாளா, சொல்லாமலே வைத்துவிட்டாளா என்பது அவளுக்கு ஞாபகமில்லை. வேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், கைப்பையை ஆபீசிலேயே விட்டுவிட்டு போனை மட்டும் எடுத்துவந்திருப்பது தெரிந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதம் அது. ஒரு பேட்சுக்கு முப்பது பிள்ளைகள். அதில் இருபத்தோரு பேராவது வேலையில் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த பேட்ச் கிடையாது என்பது விதி. எப்சி தலைகீழாக நின்று இருபது பேரைச் சேர்த்துவிட்டாள். ஒன்று குறைந்தது. கணக்கு மூட இரண்டு நாள்தான் இருந்தது. ஒரு பேர் இல்லாததால் சென்டரை மூடினால், அடுத்து வரக் காத்திருந்த முப்பது பிள்ளைகளின் கதி என்ன என்று மையத்தின் தலைவர் செல்வகுமார் கேட்டார். அவருக்குத் தெரிந்த ஒரு சின்ன யூனிட், ஷூவின் மேல்பாகம் தைக்கும் யூனிட் இருந்தது. அங்கே யார் பேரைக் கொடுத்தாலும் மூன்று மாதம் வேலை செய்ததாகக் காட்டி பிஎஃப்பும் கட்டிவிடுவார்கள். அந்த பேட்சில் சைரா என்று ஒரு பெண், கல்யாணமாகி ஊரைவிட்டுப் போய்விட்டவள். அவள் பேரைப் போட்டுவிடலாம், அவளுக்குத் தெரியவே போவதில்லை என்றார் செல்வகுமார்.

எப்சி மாட்டேன் என்றாள். அடுத்த வீட்டுப் பெண் பேரில் பொய் எழுத என் கை வராது சார் என்று அழுத்தமாகச் சொன்னாள். வேறு யாராவதாக இருந்தால் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். எப்சி நேர்மையான பெண், அதனால்தான் வினையே வந்தது. அதே பேட்சில் அக்கா சொன்னாளே என்று மூன்று மாதம் வந்து உட்கார்ந்துவிட்டு, தையல் வேலைக்குப் போகமாட்டேன் என்று நின்றுவிட்ட ஒரு பையன் இருந்தான். அவன் ஆதார் நகல் அவளுடைய ஃபைலிலேயே இருந்தது. தன் வீட்டுப் பிள்ளை, யாரைக் கேட்க வேண்டும்? இருபத்தோராவது பெயராக ஐ. ஷாஜின் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போன் நம்பருக்குத் தன்னுடையதையே கொடுத்தாள். பிஎஃப் கணக்கு திறந்ததாக ஒரு மெசேஜ் வந்தது, அதை அழித்துவிட்டாள். அன்று இரவு நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

கம்பெனி ரிசப்ஷனில் ஷாஜின் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனோடு தேர்வான மற்றவர்கள் கழுத்தில் புது ஐடி கார்டோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த தெம்பை எப்சியால் பார்க்க முடியவில்லை.

ஹெச்ஆர் மேனேஜர் தௌசீப் அகமது மேல்விஷாரத்துக்காரர், பொறுமைசாலி. கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். யூனிட்டின் பேர், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் சுத்தமாக இருந்தன. பையனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் முதல் வேலைக்காரர்களுக்கு மட்டும்தான் இந்த நாற்பது இடமும், மற்ற இடம் எதுவும் என் கையில் இல்லை என்று வருத்தமாகச் சொன்னார்.

“நான் அந்த யூனிட் இருக்கற தெருவுக்கே போனதில்ல சார்,” என்றான் ஷாஜின்.

“நான் நம்பறேன் தம்பி. சிஸ்டம் நம்பணுமே,” என்றார் அவர். பிறகு எப்சியின் பக்கம் திரும்பினார். “மேடம், இந்த மாதிரி யூனிட்டுக்கெல்லாம் ட்ரெயினிங் சென்டருங்கதான் பேர் அனுப்புவாங்க. அப்ப வேலைக்கு அனுப்பினதா காட்டின சென்டர் எதுவோ, அவங்க ஒரு லெட்டர் குடுக்கட்டும். இந்தப் பையன் அங்க வேலையே செய்யல, எங்க ரெக்கார்டு தப்புன்னு. அத வெச்சு நான் மேல பேசறேன். நாளைக்கு ஜும்மா தொழுகைக்கு நான் கெளம்பறதுக்கு முன்னாடி கைல இருக்கணும். அதுக்கு மேல போனா லிஸ்ட்ல அடுத்த பேர கூப்ட சொல்லிடுவாங்க.”

எந்த சென்டர் என்று அவர் கேட்கவில்லை. எப்சியும் சொல்லவில்லை. வெளியே வந்ததும், தம்பியை டீக்கடைப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, கேட்டுக்கு ஓரமாக நின்று செல்வகுமாருக்குப் போன் போட்டாள். முழுவதையும் கேட்டுக்கொண்டார் மனுஷன். கடைசியில், லெட்டர் கொடுப்பதாக இருந்தால் அதில் கையெழுத்துப் போட வேண்டியது நீங்கள்தானம்மா, அன்றைக்கும் நீங்கள்தானே போட்டீர்கள் என்றார். கொடுத்தால் பழைய பேட்ச் எல்லாவற்றையும் தோண்டுவார்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். குரல் தேன் மாதிரிதான் இருந்தது.

டீக்கடை பெஞ்சில் ஷாஜின் இரண்டு டீ சொல்லி வைத்திருந்தான்.

“எவனோ திருட்டுப் பய என் ஆதார எடுத்து வேலை காட்டியிருக்கான்க்கா,” என்றான். “எவன்னு தெரியணும். தெரிஞ்சா விடக் கூடாது.”

“ஷாஜின், அது நான்தான்.”

அவன் முதலில் சிரித்தான். அக்கா ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்தான். எப்சி டீ கிளாஸைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மார்ச் மாதம், குறைந்த ஒரு பேர், அழித்த மெசேஜ், எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அது ஏதோ நியாயமான காரியம் போலக் காதில் விழுந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் முடித்த பிறகு ஷாஜின் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“அந்த சைரா பேர மட்டும் ஏன்க்கா போட மாட்டேன்னு சொன்ன?”

“ஊரான் வீட்டுப் பொண்ணுடா. நாளைக்கே அதுக்கு ஒரு நல்ல வேலை வந்து, நம்மால கெட்டுப்போச்சுன்னா…”

வாய் அதோடு நின்றுவிட்டது. நின்றும் பயனில்லை, சொல்ல வேண்டியது சொல்லியாகிவிட்டது.

ஷாஜின் தலையை மெதுவாக ஆட்டினான். “அப்ப எனக்கு வேலை வரும்னு நீ நெனைக்கவே இல்ல. இல்லக்கா?”

இல்லை என்று சொல்லலாம். ஆயிரம் பேருக்குத் தைரியம் சொல்லிய நாக்கு அது. ஆனால் உண்மை அதுதான். தையல் வேலைக்குக்கூடப் போகாதவன், எதிலும் நிலைக்காதவன், இவன் பேரை எங்கே எழுதினால்தான் என்ன நஷ்டம் என்று அந்த மார்ச் மாதத்தில் அவள் மனதுக்குள் எங்கோ நினைத்துத்தான் இருந்தாள். யாரோ பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் எதிர்காலம் இருக்கிறது என்று வீடு வீடாகப் போய் நம்பவைத்தவள், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அதை நம்பவில்லை. ஷாஜின் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து நடந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு முன்னால் இடம் கிடைத்தது. அவன் பின்பக்கம் நின்றுகொண்டு வந்தான். ஆம்பூர் வரும்வரை போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

மூன்று மணிக்கு வாசலில் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் லில்லிக்குப் பகீர் என்றது. ஷாஜின் முந்திக்கொண்டான். கம்பெனியில் இன்னொரு பேப்பர் கேட்கிறார்கள், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான் என்று சமாளித்தான். லில்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாப் பேப்பரையும் நேற்றே தேதி வாரியாக அடுக்கி வைத்தவள் அவள். நேற்றே கேட்டேனே, எல்லாம் இருக்கிறது என்றாயே, எந்தக் காரியத்திலாவது உனக்குப் பொறுப்பு உண்டா, வாசல் வரைக்கும் வந்த வேலையை இப்படி யாராவது விடுவார்களா என்று மூச்சுவிடாமல் திட்டினாள்.

“உங்கக்காவப் பாருடா,” என்றாள் கடைசியாக. “எத்தினி பேருக்கு வேலை வாங்கிக் குடுக்கறா. அவ கூடப் பொறந்துட்டு இப்படி இருக்கியே.”

ஷாஜின் தலை குனிந்து நின்றான். தனக்காகத்தான் அவன் இந்தத் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு நிற்கிறான் என்பது எப்சிக்குத் தாங்கவில்லை.

“அம்மா, அவன் மேல ஒரு தப்பும் இல்ல. கெடுத்தது நான்,” என்றாள்.

இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. லில்லி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். மகள் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். அழுவாள், கத்துவாள், நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று எப்சி எதிர்பார்த்தாள். லில்லி ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்பது போல நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்த லெட்டர குடுத்தா உன் வேலை இன்னா ஆவும்?”

“போய்டும்மா. கேஸ் போட்டாலும் போடுவாங்க.”

“குடுக்கலன்னா?”

“எனக்கு ஒண்ணும் ஆவாது.”

லில்லி மகன் இருந்த பக்கம் பார்க்கவில்லை. “அப்ப குடுக்காத,” என்றாள். “இவனுக்குக் கர்த்தர் வேற வாசலத் தெறப்பாரு. தெறந்திருக்கற ஒண்ணையும் நாமளே சாத்திக்கக் கூடாது.”

பெற்றவள் வாயிலிருந்து வந்த வார்த்தைதான். அதில் ஓரவஞ்சனை இருந்ததா என்றால், இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதுகு ஒடிந்து வீட்டில் கிடக்கிறவள், ஐசக்கின் சாவுக்குப் பிறகு அடுப்பு எரிந்தது யாரால் என்பது தெரிந்தவள். இருக்கிறதை விட்டுவிட்டுப் பறக்கிறதைப் பிடிக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

“அம்மா சொல்றது சரிதாங்க்கா,” என்றான் ஷாஜின். “குடுக்க வேணாம். ரெண்டு பேர்ல ஒருத்தராவது வேலைல இருக்கணும் இல்ல.”

முடியாது, நாளைக் காலையிலேயே கொடுப்பேன் என்று எப்சி சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அதற்கு முன்னால், காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கிவிட்டது. யாராவது கொடுக்காதே என்று சொல்லமாட்டார்களா என்றுதான் பள்ளிகொண்டாவிலிருந்து அவள் காத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அது அவளுக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஷாஜின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதிலிருந்த நிம்மதியை அவனும் பார்த்துவிட்டான்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஏதோ சொல்ல வந்து, விழுங்கி, மறுபடியும் சொல்ல வந்தான்.

“அக்கா, ஒரு விஷயம். காலைல நீ வர்றதுக்கு முன்னாடி அங்க சும்மா உக்காந்துட்டு இருந்தேனா. யாரோ என்ன ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சுக்கினு, போன்லயே பிஎஃப் ஆபீசுக்குக் கம்ப்ளைன்ட் போட்டுட்டேன். யூனிட் பேரெல்லாம் எழுதி, இத பண்ணது யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்லி.”

லில்லி சுவரைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். எப்சிக்குக் காதுக்குள் பஸ் ஓடுகிற சத்தம் இன்னும் நிற்காதது போலிருந்தது.

“பஸ்ஸுல நின்னுக்கினே வாபஸ் வாங்க முடியுதான்னு பாத்தேன்க்கா. ரொம்ப ட்ரை பண்ணேன், முடியல. விசாரணைக்கு அனுப்பியாச்சுன்னு மெசேஜ் வந்துடுச்சு.”

போனை அவள் பக்கம் நீட்டினான். “தெரியாம பண்ணிட்டேன். சாரிக்கா,” என்றான்.

காலையிலிருந்து எவ்வளவோ பேசிய எப்சி, அந்த வார்த்தையை மட்டும் இன்னும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.